டிசிஎம் போத்தலை நிறுத்த வழி உண்டா? கிணற்று நீர்ப் பரிசோதனையும் பசுமை மாதிரித் தயாரிப்பும்

பிரிபுனல் (திருகோணமலை நகர்)

நகரில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளின் நீர் எங்களிடம் வருகிறது. அதிகம் கேட்கப்படுவது ஒகனோகுளோரின் (குளோரின் ஏற்றிய சேதன) பீடைகொல்லிகளின் எச்சம். எங்களிடம் இருப்பது இசிடி (இலத்திரன் கவரும் உணரி) பொருத்திய ஜீசீ, அதாவது வாயு நிறப்பதிவுக் கருவி. திரவ நிறப்பதிவுக் கருவியான எல்சியும் திணிவு நிறமாலைமானியும் சேர்ந்த எல்சி-மாஸ் இல்லை, வாங்கப் பணமும் இல்லை.

முறை மிகப் பழையது. ஒரு லீற்றர் நீரைப் பிரிபுனலில் (அடியில் குழாயுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில்) ஊற்றி, 60 மில்லிலீற்றர் இருகுளோரோமெதேன் (டிசிஎம்) என்ற கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கி, கீழ்ப்படையை இறக்கி, இதையே மூன்று தடவை செய்ய வேண்டும். ஒரு கிணற்றுக்கு 180 மில்லிலீற்றர். பிறகு அதை வற்றவைத்து, எக்சேனுக்கு மாற்றி, ஒரு மில்லிலீற்றராக ஒடுக்கினால்தான் கருவிக்குள் செலுத்தலாம். ஆக, வாங்கிய டிசிஎம்மில் பெரும்பகுதி ஆவியாகிறது, மிச்சம் கழிவுக் கானுக்குப் போகிறது.

டிசிஎம் 40 பாகையில் கொதிக்கும். வைகாசி முதல் ஆவணி வரை இங்கே அடிக்கும் வெயில் உங்களுக்குத் தெரியும். மின்சாரம் போய்க் குளிரூட்டி நின்ற நாளில் பிரிபுனலின் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும்போது அது சீறுகிற சீற்றம் பயமுறுத்துகிறது. கழிவு, புத்தளத்துச் சிமெந்துச் சூளை வரை லொறியில் போய்த்தான் எரிய வேண்டும். அதுவரை எங்கள் களஞ்சிய அறையில்தான் கிடக்கும்.

இந்த வருடம் நஞ்சும் கழிவும் குறைந்த பசுமை முறைக்கு மாற வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இணையத்தில் தேடினால் முறைகளின் பெயர்கள் மழையாகக் கொட்டுகின்றன. எங்கே தொடங்குவது?

---

நிலாவெளி_மாணவன்

அக்கா, இறுதியாண்டு ஆய்வுக்காக இதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் பல கதவுகள் திறந்திருக்கின்றன.

எஸ்பிஎம்இ (திண்மநிலை நுண்பிரித்தெடுப்பு): கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பவ்லிஷின் குழு 1990இல் வெளியிட்டது. பொலிமர் பூசிய மெல்லிய இழையை நீருக்குள் நனைத்து, அல்லது நீருக்கு மேலுள்ள ஆவியில் வைத்து, அப்படியே ஜீசீயின் சூடான வாயிலில் நுழைக்கலாம். கரைப்பான் ஒரு துளியும் இல்லை.

டிஎல்எல்எம்இ (பரவல் திரவ-திரவ நுண்பிரித்தெடுப்பு): ஈரானில் அசாதி குழு 2006இல் கொடுத்தது. 5 மில்லிலீற்றர் நீருக்குள், சில மைக்ரோலீற்றர் கரைப்பானை அசற்றோனுடன் கலந்து வேகமாகப் பீய்ச்சினால் நீர் முழுவதும் பனிபோல மங்கிவிடும். மையநீக்கியில் சுற்றினால் அடியில் ஒரு சொட்டுப் படியும். அந்தச் சொட்டில்தான் எல்லாம் இருக்கும்.

இவை தவிர ஆழ்நற்கலவைக் கரைப்பான்கள், அதாவது இரு பொருள்கள் சேர்ந்ததும் உருகுநிலை தாழ்ந்து திரவமாகுபவை. மெந்தோலையும் தைமோலையும் சேர்த்தால் அறை வெப்பநிலையிலேயே திரவமாகிறது! கடையில் வாங்கக்கூடிய பொருள்கள். என் வாக்கு இதற்குத்தான்.

---

உப்புக்காற்று

தம்பி, உற்சாகம் நன்று. ஆனால் அக்காவின் கருவியில் இருப்பது இசிடி. குளோரினைக் கண்டாலே துள்ளுகிற உணரி அது. டிஎல்எல்எம்இயின் அடியில் படிகிற அந்தச் சொட்டு எதனால் ஆனது என்று மூலக்கட்டுரையின் முறைப்பகுதியைப் போய்ப் பார்க்கவும். குளோரோபென்சீன், காபன் நாற்குளோரைட்டு, நாற்குளோரோஎதிலீன். நீரைவிடக் கனமான கரைப்பான் வேண்டும் என்பதால் குளோரின் ஏற்றியவையே அதிகம் பயன்பட்டன. இவற்றை இசிடிக்குள் செலுத்தினால் கரைப்பானின் உச்சம் (வரைபில் எழும் கூம்பு) மலையாக எழுந்து, முன்னால் வரும் பீடைகொல்லிகளை விழுங்கிவிடும்.

அதுவும் போகட்டும். காபன் நாற்குளோரைட்டு மொன்றியல் உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அதைப் பத்து மைக்ரோலீற்றராகக் குறைத்துவிட்டு "பசுமை" என்று தலைப்பு வைத்த கட்டுரைகள் எத்தனை! அளவு குறைந்தது உண்மை, அதை மெச்சுகிறேன். நஞ்சின் குணம் மாறவில்லை என்பதும் உண்மை.

மெந்தோல்-தைமோல் பற்றி: ஜீசீயில் அதைச் செலுத்தினால் இரண்டு பூதாகர உச்சங்கள் வரும், நிரலின் (பொருள்களைப் பிரிக்கும் நீண்ட குழாயின்) வாயும் அழுக்காகும். எல்சியில் அது அழகாக வேலை செய்யலாம். அக்காவிடம் எல்சி இல்லை. கோலின் குளோரைட்டு-யூரியா வகையைச் சொல்லிவிடாதீர்கள், அது நீரில் கரைந்தே போகும்.

---

நிலாவெளி_மாணவன்

எஸ்பிஎம்இக்கு என்ன குறை சொல்வீர்கள்?

---

உப்புக்காற்று

குறையே இல்லை, விலையைத் தவிர. இழை முறியும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 2022க்குப் பிறகு இறக்குமதிக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

---

கொட்டியாரம் (மூதூர்)

பிள்ளை, நான் ஓய்வுபெற்றவன். என் காலத்து ஆய்வுகூடத்தில் கண்ணாடியும் வெயிலும்தான் இருந்தன. ஆகவே புதுப்பெயர்களைத் தம்பிக்கு விட்டுவிட்டு, பழைய அலமாரியில் கிடக்கும் ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன்.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் குடிநீர் முறைகளில் 505 என்று ஒன்று உண்டு. "பசுமைப் பகுப்பாய்வு" என்ற கொடி ஏற்றப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டது. ஒகனோகுளோரின் பீடைகொல்லிகளுக்கும் பிசிபி என்ற குளோரின் ஏற்றிய தொழிற்சாலை எண்ணெய்களுக்கும், அதுவும் இசிடிக்கென்றே அமைந்தது. செய்முறை இவ்வளவுதான்.

மாதிரியை 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியில் எடுக்கிறீர்கள். ஆய்வுகூடத்தில் 5 மில்லிலீற்றரை வெளியே ஊற்றிவிட்டுக் குப்பியை நிறுக்கிறீர்கள். 6 கிராம் உப்பு, 2 மில்லிலீற்றர் எக்சேன். மூடி, ஒரு நிமிடம் பலமாகக் குலுக்கல். படை பிரிந்ததும் மேலே நிற்கும் எக்சேனில் கொஞ்சம் எடுத்து நேராக ஜீசீக்கு. கடைசியில் குப்பியைக் காலிசெய்து மீண்டும் நிறுத்தால் எடுத்த நீரின் சரியான அளவு தெரிந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மாதிரி எடுத்த பாத்திரமே பிரித்தெடுக்கும் பாத்திரம் என்பது. ஒகனோகுளோரின்கள் நீரில் இருக்க விரும்பாதவை, கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்பவை. போத்தலிலிருந்து பிரிபுனலுக்கு ஊற்றும்போது ஒரு பகுதி போத்தலிலேயே தங்கிவிடும். அதனால்தான் போத்தலையும் கரைப்பானால் கழுவச் சொல்கிறார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை, எக்சேன் அதே சுவரைத்தான் கழுவுகிறது.

இன்னொன்று. டிசிஎம்மில் எடுத்து எக்சேனுக்கு மாற்றுகிறீர்களே, அந்த மாற்றம் எதற்கு? தம்பி உப்புக்காற்று சொன்ன அதே காரணத்துக்கு: டிசிஎம் இசிடிக்கு ஆகாது. அப்படியானால் முதலிலேயே எக்சேனில் எடுத்தால் வற்றவைக்கும் வேலை, அதற்கான வெந்நீர்த் தொட்டி, நைதரசன் வாயு, அத்தனை மணிநேர மின்சாரம் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடுகிறது. 180 மில்லிலீற்றர் 2 ஆகிறது. கருவி எதையும் வாங்க வேண்டியதில்லை.

---

பிரிபுனல்

சேர், கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். இப்போது ஒரு லீற்றரை ஒரு மில்லிலீற்றராக ஒடுக்குகிறோம், ஆயிரம் மடங்கு. 35ஐ 2 ஆக்கினால் 17.5 மடங்குதான். கண்டறியும் எல்லை போய்விடாதா?

---

கொட்டியாரம்

சரியான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டியில் லிண்டேனுக்கு லீற்றருக்கு 2 மைக்ரோகிராம். 35 மில்லிலீற்றரில் அது 70 நனோகிராம். முழுவதும் 2 மில்லிலீற்றர் எக்சேனுக்குள் வந்தால் மைக்ரோலீற்றருக்கு 35 பிக்கோகிராம். இசிடிக்கு அது விருந்து. டிடிடிக்கு 1 மைக்ரோகிராம், அதுவும் எளிது.

சிக்கல் ஓல்ட்ரினிலும் டீல்ட்ரினிலும். இரண்டுக்கும் சேர்த்து 0.03 மைக்ரோகிராம். 35 மில்லிலீற்றரில் ஒரு நனோகிராம் சொச்சம். மைக்ரோலீற்றருக்கு அரைப் பிக்கோகிராம். இரண்டு மைக்ரோலீற்றர் செலுத்தினால் ஒரு பிக்கோகிராம் உணரிக்குப் போகும். நன்றாகப் பராமரித்த இசிடி அதைக் காணும், ஆனால் அடிக்கோட்டின் இரைச்சலுக்கு மேலே எவ்வளவு நிமிரும் என்பது உங்கள் கருவியின் உடல்நலத்தைப் பொறுத்தது. அந்த இரண்டுக்கு மட்டும் ஸ்பைக் செய்து (தெரிந்த அளவைச் சேர்த்து) பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் யோசனை: எல்லாக் கிணறுகளையும் முதலில் சிறிய குப்பியில் சோதித்துப் பாருங்கள். ஐயமான உச்சம் தெரிந்த கிணற்றை மட்டும் திரும்ப எடுத்து, அரை லீற்றரைச் சி18 எஸ்பிஇ தட்டில் (எச்சத்தைப் பிடித்துவைக்கும் திண்மத் தட்டில்) ஓட்டி, சில மில்லிலீற்றர் எதைல் அசற்றேற்றால் கழுவி இறக்கலாம். எங்கள் கிணறுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு விடை "இல்லை" என்பதுதான். அந்த "இல்லை"யைச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் 180 மில்லிலீற்றர் டிசிஎம் செலவழிப்பதை என்னவென்று சொல்வது?

---

உப்புக்காற்று

எஸ்பிஇக்கும் ஒரு குறிப்பு. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு தட்டு குப்பைக்குப் போகிறது. நிலாவெளி மணல் கிணறுகளில் மண் கலங்கி வந்தால் தட்டு அடைத்துக்கொண்டு, பம்ப் மணிக்கணக்கில் ஓடும். கேட்டார்களே என்பதற்காகச் சொல்கிறேன், எதிர்ப்பதற்காக அல்ல. சேர் சொன்ன இரண்டடுக்கு ஏற்பாடு எனக்குச் சம்மதம்.

---

தம்பலகாமம்_வயல்

நான் இரசாயனம் படித்தவன் அல்ல, வயல் செய்கிற குடும்பம். ஒரு கேள்வி. நீங்கள் பேசுகிற லிண்டேன், டிடிடி எல்லாம் என் தகப்பனார் காலத்துப் பெயர்கள். இன்று நாங்கள் வாங்கி அடிப்பவை வேறு. பிறகு ஏன் இவற்றையே தேடுகிறீர்கள்?

---

கொட்டியாரம்

இந்த உரையாடலிலேயே மிக நல்ல கேள்வி இதுதான், ஐயா.

டிடிடியை இந்த நாட்டில் 1970களிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் இவை மண்ணில் பல பத்தாண்டுகள் கிடப்பவை, அதனால் பழைய படிவத்தில் பட்டியல் அப்படியே இருக்கிறது. இன்று பயன்படுபவை பெரும்பாலும் நீரில் கரையும் குணம் கூடியவை. அவற்றை எக்சேன் எடுக்காது, டிசிஎம்மே அரைகுறையாகத்தான் எடுக்கும். 2015இல் தடைசெய்து பின்னர் தளர்த்திய களைகொல்லி கிளைபோசேற்று இருக்கிறதே, அது எந்தச் சேதனக் கரைப்பானுக்குள்ளும் வரமாட்டாது. அதற்கு நீரிலேயே எஃப்மொக் என்ற பொருளுடன் தாக்கமுறச் செய்து, ஒளிரவைத்து, எல்சியில் பார்க்க வேண்டும்.

ஆகவே பிள்ளை, நீரைக் கொண்டுவருபவரிடம் தோட்டத்தில் என்ன அடிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அதற்குக் கரைப்பான் செலவில்லை.

---

பிரிபுனல்

கேட்பதுண்டு, சேர். பெரும்பாலோர் கிணறு நல்லதா கெட்டதா என்றுதான் அறிய விரும்புகிறார்கள். வெங்காயம், மிளகாய், காய்கறி. மணல் தரை. உரம் அதிகம் போடுகிறார்கள்.

---

கொட்டியாரம்

அப்படியானால் அவர்களுக்கு முதலில் வேண்டியது நைத்திரேற்று. மணல் தரையில் போட்ட உரம் மழையோடு கிணற்றுக்குத்தான் இறங்கும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. கலங்கலில்லாத, சேதனப் பொருள் குறைந்த கிணற்று நீரானால், வடிகட்டிச் சிறிது அமிலம் சேர்த்து 220 நனோமீற்றரில் உறிஞ்சலைப் பார்த்து, 275இல் பார்த்ததன் இருமடங்கைக் கழித்துவிட்டால் போதும். பிரித்தெடுப்பும் வேண்டாம், நிறமூட்டும் பொருளும் வேண்டாம். முதற்கட்டச் சோதனைக்கு இதைவிட எளிது கிடையாது.

உங்கள் அலமாரியில் கட்மியம் நிரல் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்ற அந்தக் காலத்தில் அதைத்தான் பயன்படுத்தினோம். உரத்தை அளக்கக் கட்மியக் கழிவை உண்டாக்கிய முறை! இன்று நொதி உண்டு, வனேடியம் குளோரைட்டு உண்டு.

---

சூரைமீன்

உரையாடலுக்குள் தாமதமாக வருகிறேன். மீன் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. ஏற்றுமதிக்குப் போகும் சூரையில் இரசம் (பாதரசம்) பார்க்க வேண்டும், ஐரோப்பிய எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம். முன்பு அரைக் கிராம் தசையைச் செறிந்த நைத்திரிக்கமிலத்தில் நுண்ணலை அடுப்பில் செரிக்கவைத்து, ஐதாக்கி, குளிர்ஆவி முறையில் அளந்தோம். ஒவ்வொரு தொகுதிக்கும் அமிலக் கழிவு, கபில நிறப் புகை.

நேரடி இரசப் பகுப்பான் வந்தபிறகு அந்த அத்தியாயமே இல்லை. தசையில் ஒரு துண்டை நிறுத்து நிக்கல் படகில் வைத்தால், ஒட்சிசனில் எரிந்து, வெளியேறும் இரச ஆவியைத் தங்கம் பிடித்து, பிறகு சூடாக்கி விடுவித்து 253.7 நனோமீற்றரில் அளக்கிறது. ஐந்து நிமிடம் அளவில் முடிந்துவிடும். முறை எண் 7473. மாதிரித் தயாரிப்பு என்றால் கத்தியும் தராசும்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அது மொத்த இரசத்தை மட்டும் சொல்லும். மெதைல் இரசம் தனியாக வேண்டுமென்றால் மறுபடி பிரித்தெடுப்புக்கு வர வேண்டும். கருவியின் விலையும் சாதாரணமல்ல.

---

கறுமணல் (புல்மோட்டை)

எங்கள் பக்கமும் அதே கதை. இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கன் (சிர்கோன்) ஆகிய கனிமங்கள் கொண்ட மணல். சேர்க்கனை அமிலத்தில் கரைக்க முயன்றவர்களுக்குத் தெரியும், ஐதரோபுளோரிக்கமிலத்துக்கே அது எளிதில் மசிவதில்லை. அந்த அமிலமோ தோலில் பட்டால் எலும்புவரை போகிறது. எக்ஸ் கதிர் பாய்ச்சி மூலகங்களை அளக்கும் ஒளிர்வுக் கருவியில் வைத்தால் கரைக்கவே வேண்டியதில்லை. அரைத்து, மெழுகுத்தூள் கலந்து, அழுத்தி வில்லையாக்கினால் ஆயிற்று.

ஆனால் வில்லையை அப்படியே நம்பிவிடக்கூடாது. ஒரே தைத்தேனியம் இல்மனைற்றிலும் ரூட்டைலிலும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். மணியின் பருமனும் கணக்கைக் குழப்பும். துல்லியம் வேண்டுமென்றால் இலிதியம் போரேற்றுடன் ஆயிரம் பாகைக்கு மேல் உருக்கிக் கண்ணாடி வில்லையாக்க வேண்டும். அமிலம் மிச்சம், உலையின் மின்கட்டணம் செலவு. எது பசுமை என்று என்னைக் கேட்காதீர்கள். ஐதரோபுளோரிக்கமிலம் இல்லாத அறையில் நிம்மதியாக மூச்சுவிடுகிறேன், எனக்கு அது போதும்.

---

நிலாவெளி_மாணவன்

இதை அளக்கத்தான் மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. 2022இல் வந்த அக்ரீபிரெப், மாதிரித் தயாரிப்புக்கென்றே பத்து அளவுகோல்கள் வைத்திருக்கிறது: கரைப்பான், கழிவு, மின்சாரம், ஒரு மணிநேரத்தில் எத்தனை மாதிரி, வேலை செய்பவரின் பாதுகாப்பு, இப்படி. பூச்சியத்திலிருந்து ஒன்றுவரை ஓர் எண் கிடைக்கும், வட்டத்தில் நிறமும் வரும். அக்காவின் பழைய முறையைப் போட்டுப் பார்த்தேன், படம் முழுக்கச் சிவப்பு. 505 பல மடங்கு மேல்.

---

உப்புக்காற்று

அந்தச் செயலியில் ஒவ்வோர் அளவுகோலுக்கும் எடையை மாற்றலாம் என்பதையும் சொல்லியிருக்கலாமே. எனக்குப் பிடித்த முறைக்குப் பச்சை வரும்வரை எடையை மாற்றிக்கொண்டே இருப்பேன்! கட்டுரைகளில் ஆசிரியரின் முறை எப்போதும் பச்சையாகவே இருப்பதன் இரகசியம் வேறென்ன?

அதைவிடப் பெரிய குறை, அது பகுப்பாய்வு சரியா என்று கேட்பதில்லை. மீட்பு வீதம் (நீரில் இருந்ததில் வெளியே எடுத்த பங்கு) முப்பது சதவீதமாக இருந்தாலும் பச்சை வட்டம் வரும். 2021இல் வெண்மைப் பகுப்பாய்வு என்று ஒரு கருத்தைப் போலந்துக்காரர்கள் முன்வைத்தது இந்தக் குறையால்தான். தரம், பசுமை, நடைமுறைத்தன்மை மூன்றும் சேர்ந்தால்தான் வெள்ளை என்றார்கள்.

---

நிலாவெளி_மாணவன்

எடையை மாற்றினால் அதைக் கட்டுரையில் சொல்ல வேண்டும், அண்ணா. மறைப்பவர்களின் குற்றம் செயலியின் குற்றமாகாது. அதோடு அதன் முதல் அளவுகோலே மாதிரியை எடுத்த இடத்தில் தயாரிப்பதைத்தான் சிறப்பாகக் கருதுகிறது. யோசித்துப் பாருங்கள், இங்கே ஆய்வுகூடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு லீற்றர் போத்தலும் ஐஸ் பெட்டியில் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் கொழும்புக்குப் போகும். டீசல் கணக்கு எந்தப் பிரிபுனலிலும் தெரிவதில்லை.

---

உப்புக்காற்று

இதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல அடி.

---

சூரைமீன்

வெயில் பற்றி அக்கா முதலில் எழுதியதை ஒட்டி ஒன்று. ட்ரைட்டன் எக்ஸ்-114 என்ற மேற்பரப்பு இயங்கி (சவர்க்காரம் போன்றது) 23, 24 பாகை அளவில் கலங்கிப் பிரியும். அதை வைத்து ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களைக் கரைப்பானே இல்லாமல் செறிவாக்கலாம். கலங்குநிலைப் பிரித்தெடுப்பு என்பார்கள். குளிர்நாட்டில் எழுதிய செய்முறையில் "40 பாகை நீர்த்தொட்டியில் வைக்கவும்" என்றிருக்கும். இங்கே குளிரூட்டி நின்றால் மேசைமேலேயே கலங்கிவிடுகிறது. ஐஸில் வைத்துத்தான் தெளியவைக்க வேண்டும்!

இன்னொரு பக்கமும் உண்டு. இந்தப் பொருள் சுற்றாடலில் சிதையும்போது ஒக்ரைல்பீனோல் வருகிறது. அது மீன்களின் ஓமோனைக் குழப்புவது. அதனாலேயே ஐரோப்பாவில் இதற்குக் கட்டுப்பாடு. கழிவை உட்துறைமுகத்துக்குப் போகும் வடிகாலில் ஊற்றினால், மீன் ஆய்வாளனாகிய நான் சண்டைக்கு வருவேன்.

---

பிரிபுனல்

எல்லோருக்கும் நன்றி. மேலாளரிடம் 505ஐக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி அங்கீகாரம். நாங்கள் ஆய்வுகூடத் தரநியமமான ஐஎஸ்ஓ 17025இன் கீழ் இருக்கிறோம். முறையை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டுமா?

---

கொட்டியாரம்

வெளியிடப்பட்ட தர முறையை எழுதியபடியே செய்தால் சரிபார்ப்பு போதும்: உங்கள் கையால், உங்கள் கருவியில், சொல்லப்பட்ட தரம் வருகிறது என்று காட்ட வேண்டும். நீங்களே முறையை மாற்றினாலோ புதிதாக உருவாக்கினாலோதான் முழுமையான வலிதாக்கல். தம்பியின் மெந்தோல் முறைக்கும் 505க்கும் உள்ள நடைமுறை வேறுபாடு இதுதான். அங்கீகார எல்லைக்குள் புதிய முறையைச் சேர்க்க விண்ணப்பமும் வேண்டும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. உப்பைச் சூளையில் 400 பாகையில் அரைமணி நேரமாவது சுடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையிலிருந்து வரும் தலேற்றுகள் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பவை) இசிடியில் உச்சங்களாக வந்து பீடைகொல்லி வேடம் போடும். சமையல் உப்பு வேண்டாம், அதில் அயடீன் சேர்த்திருக்கிறார்கள், குளோரினைப் போலவே அயடீனுக்கும் இந்த உணரி துள்ளும். குப்பி மூடியின் உட்புறம் டெஃப்லோன் நீரைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியோடும் வெற்று மாதிரி ஒன்று, ஸ்பைக் ஒன்று. இரண்டாவது நிரலில் உறுதிப்படுத்தாமல் எவருக்கும் "இருக்கிறது" என்று எழுதிக்கொடுக்க வேண்டாம்.

சில கிணறுகளைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். மீதமுள்ள டிசிஎம் அதற்குப் பயன்படட்டும்.

---

பிரிபுனல்

எக்சேன் பற்றியும் கேட்க வேண்டும், சேர். அது நரம்பைப் பாதிப்பது என்று வாசித்தேன். ஹெப்டேனுக்கு மாற்றலாமா? கொதிநிலையும் 98 பாகை, எக்சேனின் 69ஐவிட இந்த வெயிலுக்கு ஏற்றது அல்லவா?

---

கொட்டியாரம்

வாசித்தது சரி. உடலில் எக்சேன் 2,5-எக்சேன்டையோனாக மாறுகிறது, கைகால் நரம்புகளைக் கெடுப்பது அதுதான். ஹெப்டேனில் அந்தக் கேடு மிகவும் குறைவு. பிரித்தெடுக்கும் ஆற்றலில் பெரிய வேறுபாடு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் முறையில் எக்சேன் என்று எழுதியிருக்கிறது. மாற்றினால் அது உங்கள் முறையாகிவிடும், வலிதாக்க வேண்டும். ஜீசீயின் தொடக்க வெப்பநிலையையும் உயர்த்த வேண்டிவரும், தங்கும் நேரங்கள் சற்று நகரும். முதலில் எக்சேனோடு அங்கீகாரம் பெறுங்கள். 2 மில்லிலீற்றர், மூடிய குப்பி, பியூம் ஹுட்டுக்குள் வேலை. பிறகு ஹெப்டேனைத் தம்பியின் ஆய்வுக்குக் கொடுங்கள், பட்டத்துக்கும் உதவும்.

---

நிலாவெளி_மாணவன்

சேர், அதை எடுத்துக்கொள்கிறேன். மேற்பார்வையாளரிடம் இன்றே கேட்கிறேன். மெந்தோலைக் கைவிடவில்லை, எல்சி உள்ள இடம் கிடைத்தால் பார்ப்பேன்.

---

தம்பலகாமம்_வயல்

வாய்க்கால் நீரையும் கொண்டுவரலாமா? எந்தப் போத்தலில்?

---

பிரிபுனல்

கொண்டுவாருங்கள் அண்ணா, ஆனால் சோடாப் போத்தலில் வேண்டாம். சுட்டுச் சுத்தமாக்கிய கண்ணாடிக் குப்பிகளை நாங்களே தருவோம், அலசாமல் அப்படியே நிரப்புங்கள். மூடியதும் ஐஸ் பெட்டியில் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். வாய்க்கால் நீர் சேறாக இருந்தால் குலுக்கும்போது எக்சேனும் நீரும் பாலாகக் கலந்து பிரிய மறுக்கும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று குப்பி எடுத்து வாருங்கள். கடைசியாக எந்த மருந்தை, எப்போது அடித்தீர்கள் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தால் எந்தப் பரிசோதனை வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிடுவேன்.